படலைச் சாத்தி வைத்த நான்கு மாதங்கள்

வெள்ளகோவிலுக்கும் மூலனூருக்கும் இடைப்பட்ட சரளை மண்ணில் எங்கள் குடும்பத்துக்கு நான்கு ஏக்கர் கொறங்காடு இருக்கிறது. கொங்குப் பகுதிக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்தச் சொல் புதிதாக இருக்கலாம். சுற்றிலும் முள்கிளுவையை உயிர்வேலியாக நட்டு, உள்ளே அங்கங்கே வெள்வேல மரங்களை விட்டு, தரை முழுவதும் கொழுக்கட்டைப் புல்லை வளரவிட்டு, உழுது பயிரிடாமல் ஆடு மாடுகளின் மேய்ச்சலுக்கென்றே வைத்திருக்கும் நிலத்தைக் கொறங்காடு என்போம். காங்கேயம், தாராபுரம் வட்டாரங்களில் ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டியே மழை பெய்கிறது. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வந்து போய்விடுகிறது. இந்த மழையில் நெல்லையும் கரும்பையும் கனவு காணாமல் புல்லை நம்பிய எங்கள் முன்னோரின் கணக்கு சரியானது என்றே நான் நினைக்கிறேன். காங்கேயம் மாடு இந்தப் புல்லிலும் வெள்வேலங்காயிலும் வளர்ந்த மாடுதான்.

புல் தானாக முளைக்கும், தானாக வளரும் என்ற நம்பிக்கையில் எங்கள் காட்டை நாங்கள் கெடுத்துவிட்டோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது, தீவனத்துக்கு வழியில்லாமல், எங்கள் மாடுகளோடு உறவினர் ஒருவரின் செம்மறிப் பட்டியையும் உள்ளே விட்டோம். மாடு நாக்கால் சுழற்றிப் பறித்து மேயும். அடியில் சிறிதளவாவது மிஞ்சும். செம்மறியோ உதட்டைத் தரையோடு வைத்துத் தூரின் கழுத்துவரை கறித்துவிடும். அடுத்த ஆண்டு மழை வந்தபோது துளிர்ப்பதற்குத் தூரே இல்லை. புல் விட்டுச்சென்ற இடத்தைத் துத்தியும் பார்த்தீனியமும் பிடித்துக்கொண்டன. வேலியோரத்தில் சீமைக்கருவேல் தலைகாட்டியது. நல்ல மழை பெய்தால் எங்கள் காட்டு மண்ணே கரைந்து, இரு வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித்தடமான இட்டேரியில் செந்நீராக ஓடியதை, காட்டு வாயிலை அடைக்கும் படலருகே நின்று பார்த்திருக்கிறேன்.

அம்மாவின் அப்பாவான அப்புச்சி காலத்தில் இப்படிப் புல் மெலிந்தால், சில ஆண்டுகளுக்கு ஒரு முறை காட்டை உழுது, சோளத்தையோ கொள்ளையோ விதைத்து, அறுவடைக்குப் பின் புல் மீண்டும் கிளம்ப விட்டுவிடுவார்கள். மண்ணுக்குள் விதை இருப்பு இருந்த காலம் அது. இன்று எங்கள் காட்டில் அந்த இருப்பும் தீர்ந்திருந்தது. மேல்மண்ணும் நான்கு விரற்கடைக்கு மேல் இல்லை. உழுதால் மிச்சமிருக்கும் பழைய தூர்களும் போய்ச் சரளைதான் மேலே வரும். ஆகவே உழாமல், இருக்கும் புல்லுக்கு நடுவிலேயே புதிய விதையைத் தூவி நிரப்புவது என்று முடிவு செய்தேன். குளிர் நாடுகளில் பனி உறைந்து உருகும்போது மண்ணில் விழும் வெடிப்புகளில் தீவனப் பயறு விதைகள் தாமாகவே இறங்கிக்கொள்ளும் என்பதால், அங்கே குளிர்காலத்தின் கடைசியில் மேய்ச்சல் தரைமீது விதையை வெறுமனே வீசிவிட்டுப் போகிறார்கள். நமக்கு அந்த வசதி கிடையாது. விதையை மண்ணோடு சேர்க்கும் வேலையை இங்கே குளம்பும் மழையும்தான் செய்ய வேண்டும்.

2020ஆம் ஆண்டு சித்திரையில் ஒரு கோடை மழைக்குப் பிறகு ஆர்வம் தாங்காமல், தை மாதம்தான் உருவியிருந்த விதையை நான்கு ஏக்கரிலும் கையால் வீசினேன். அதில் முளைத்தவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். செய்த தவறுகள் ஒவ்வொன்றாகப் பின்னர்தான் புரிந்தன. கொழுக்கட்டைப் புல்லின் விதைக்கு உறக்கக் காலம் உண்டு. அறுத்த கையோடு விதைத்தால் பெரும்பாலானவை முளைப்பதில்லை. குறைந்தது ஆறு மாதமாவது சாக்கில் கிடந்து ஆற வேண்டும். ஒற்றை மழையை நம்பி விதைத்ததால் முளைத்த சிலவும் அடுத்த பத்து நாள் வெயிலில் கருகின. எஞ்சியதை எறும்புகள் சுமந்து போயின. வேலியோரத்து எறும்புப் புற்றின் வாயில் புல் விதையின் வெறும் தோல் மட்டும் ஒரு வட்டமாகக் குவிந்து கிடந்ததைப் பார்த்தபோது, நான் எறும்புகளுக்காகத்தான் விதைத்திருக்கிறேன் என்று தெரிந்தது.

இந்த விதையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நாம் விதை என்று உருவி எடுப்பது உண்மையில் விதையன்று. மென்மையான முட்கள் சூழ்ந்த ஒரு சிறு பஞ்சுப் பொதி. கதிர் பழுத்து வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் அடியிலிருந்து நுனிநோக்கி இரு விரல்களால் உருவினால் பொதிகள் மொத்தமாகக் கையோடு வரும். இழுக்க வேண்டியிருந்தால் அது இன்னும் முற்றவில்லை. ஒரு பிடியை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி ஊதினால் பஞ்சு பறந்து, பழுப்பு நிறத்தில் கடுகைவிடச் சிறிய மணிகள் மிஞ்சும். சில பொதிகளில் இரண்டு மணிகள் இருக்கும்; சிலவற்றில் ஒன்றுகூட இருக்காது. அதனால் எடையை மட்டும் நம்பி விதை வாங்குவது ஏமாற்றத்தில்தான் முடியும். நான் நூறு பொதிகளை எண்ணி எடுத்து ஈரச் சாக்கில் சுருட்டி வைத்துப் பத்து நாள் கழித்து எத்தனை முளைத்தன என்று பார்த்த பிறகே விதைக்கிறேன். மேலும், இந்தப் பஞ்சு காரணமாகப் பொதிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வீசும்போது சீராக விழுவதில்லை. காற்றடித்தால் பக்கத்துக் காட்டுக்காரருக்குத்தான் லாபம்.

இரண்டாம் முறை, 2021இல், அவசரப்படவில்லை. ஓராண்டுக்கு மேல் ஆறிய விதையை எடுத்து, செம்மண்ணும் சாணமும் கரைத்த குழம்பில் புரட்டி, நிழலில் உலர்த்தி உதிர்த்துக்கொண்டேன். மண் பூச்சு ஏறியதும் விதைக்குக் கனம் வந்தது. எறும்பும் பெரும்பாலும் தொடவில்லை. புதிதாகப் புல் தரை அமைக்க ஹெக்டேருக்கு 6 முதல் 8 கிலோ கொழுக்கட்டை விதை வேண்டும் என்பது பரிந்துரை. ஏக்கருக்கு அது ஏறக்குறைய 3 கிலோ ஆகும். எங்கள் காட்டில் பழைய தூர்கள் சில இருந்ததால் சொட்டையான இடங்களுக்கு மட்டும் முழு அளவிலும் மற்ற இடங்களில் பாதி அளவிலும் தூவினேன்.

புல்லோடு பயறு வகையும் சேர்ந்தால்தான் மாட்டுக்குப் புரதமும் மண்ணுக்குத் தழைச்சத்தும் கிடைக்கும். பழைய கொறங்காடுகளில் நரிப்பயறும் செப்புநெருஞ்சியும் தாமாகவே படர்ந்திருக்கும். எங்கள் காட்டில் இரண்டும் அருகிவிட்டதால் நரிப்பயற்று விதையோடு முயல்மசால் என்னும் தீவனப் பயறின் விதையும் சேர்த்தேன். முயல்மசாலின் விதை உறை கெட்டியானது. அப்படியே விதைத்தால் நீர் உள்ளே இறங்காது. 80 டிகிரி சூடுள்ள நீரில் நான்கு நிமிடம் போட்டெடுத்து, பின்னர் இரவு முழுவதும் குளிர்ந்த நீரில் ஊறவைக்கச் சொல்வார்கள். அளக்கக் கருவி இல்லாத எங்கள் அடுப்படியில், தளதளவென்று கொதிக்கும் நீர் மூன்று பங்குக்குப் பச்சைத் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் ஏறத்தாழ அந்தச் சூடு வந்துவிடும் என்று கணக்குப் போட்டுச் செய்தேன்; விதை பழுதாகவில்லை. ஆனால் இந்தச் செடிக்கு மண் பிடிக்க வேண்டும். செம்மண் சரளையில் நன்றாக வந்தது. தெற்குக் கோடியில் சுக்கான் கல், அதாவது சுண்ணாம்புக் கல், தெரியும் அரை ஏக்கரில் மஞ்சளாகி நின்றது. அங்கே நரிப்பயறுதான் பிழைத்தது.

விதைப்புக்கு முன் செய்த வேலை பார்ப்பவர்களுக்கு முரணாகத் தோன்றும். காட்டைக் காப்பாற்ற நினைப்பவன், ஆவணிக் கடைசியில் இருந்த மாடுகளையெல்லாம் உள்ளே விட்டுத் தரை தெரிய மேயவிட்டேன். புதிய முளைக்கு வெளிச்சமும் இடமும் கிடைக்க வேண்டுமானால் பழைய செத்தையும் களையும் தாழ வேண்டும். விதை செத்தையின் மேலே தங்காமல் மண்ணைத் தொட வேண்டும். பிறகு நல்ல கனமான வெள்வேல முள்ளை வெட்டிக் கட்டாகக் கட்டி, மேலே ஒரு கல்லை ஏற்றி, ஒரு காளையைப் பூட்டி இழுத்தோம். இறுகிய மேற்பரப்பில் நகக்கீறல்போல வரிகள் விழுந்தால் போதும். கொழுக்கட்டை விதை இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஆழத்தில் புதைந்தால் முளை மேலே வரத் திணறுகிறது. புரட்டாசிக் கடைசி வாரத்தில், மழைக்கு முன்பே, காற்று எழாத விடியற்காலையில் விதையை மணலோடு கலந்து, ஒரே பங்கைக் கிழக்கு மேற்காகப் பாதியும் தெற்கு வடக்காகப் பாதியுமாக வீசினேன். அன்றே ஒரு பட்டிச் செம்மறியை ஒரு நாழிகை நேரம் காட்டுக்குள் நடக்கவிட்டு வெளியேற்றினோம். காட்டைக் கெடுத்த அதே குளம்புகள் விதையை மண்ணில் அழுத்தும் வேலைக்கு உதவின.

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் காசும் உடலுழைப்பும் இருந்தால் எவரும் செய்துவிடலாம். அதற்குப் பிறகுதான் உண்மையான பாடு தொடங்குகிறது. ஐப்பசி முதல் தை முடிய நான்கு மாதம் படலைச் சாத்தி வைக்க வேண்டும்.

விதைத்த விஷயத்தை மாமாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான். “வெதைச்சது செரி மாப்ள. படலு சாத்தி வெக்கறதுக்குத் தட்டு இருக்குதா?” அப்போது அந்தக் கேள்வியின் கனம் எனக்கு உறைக்கவில்லை. ஊரே பச்சையாக இருக்கும் மழைக்காலத்தில், தன் காட்டில் புல் முழங்கால் உயரத்துக்கு ஆடிக்கொண்டிருக்க, மாடுகளைக் கட்டுத்தரையில் கட்டி வைத்துச் சோளத்தட்டு விலைக்கு வாங்கிப் போடுவது எளிதான செயலன்று. விதைக்கும் ஆள் கூலிக்கும் ஆன செலவைப்போல மூன்று மடங்கு அந்த நான்கு மாதத் தட்டுக்கு ஆயிற்று. கார்த்திகையில் முளைகள் கணுக்கால் உயரம் வந்தபோது ஒரு தூரைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தேன். வேரோடு கையில் வந்துவிட்டது. மாட்டின் நாக்கு சுழற்றி இழுத்தாலும் இதுவேதான் நடந்திருக்கும். இலை பறியவும் வேர் தாங்கவும் வேண்டுமானால் புல் ஒரு முறையாவது கதிர்விட்டு விதை உதிர்க்க வேண்டும். பட்டிப் பொங்கலன்று வழக்கப்படி மாடுகளைக் காட்டுக்குள் ஓட்டியே ஆக வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் வற்புறுத்தினார்கள். சாத்திரத்துக்கு மயிலைப் பசுவை மட்டும் கயிற்றோடு பிடித்து உள்ளே ஒரு சுற்று நடத்தி அழைத்துவந்தேன். அது இரண்டு வாய் பறித்தது. அதற்கே எனக்கு மனம் பதறியது.

இந்தப் புல்லின் பிடிவாதத்தைப் பற்றி ஒரு செய்தி சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாம் தவமிருந்து முளைக்கவைக்கும் இதே கொழுக்கட்டைப் புல்லை ஆஸ்திரேலியாவில் பஃபல் புல் என்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒட்டகங்களோடு வந்தவர்களின் சேணப் பஞ்சில் ஒட்டிக்கொண்டு அது அங்கே போனதாகச் சொல்வதுண்டு. பின்னாளில் மேய்ச்சலுக்கென்று விரும்பி விதைத்தார்கள்; இன்று பாலைநிலங்களில் காட்டுத்தீயைக் கடத்தும் களையாகப் பரவிவிட்டதால் தெற்கு ஆஸ்திரேலியா 2015இல் அதைக் களைப்பட்டியலில் சேர்த்தது. அமெரிக்காவின் அரிசோனாவிலும் இதே தொல்லை. மேய வாயும் மிதிக்கக் குளம்பும் போதுமான அளவில் இல்லாத இடத்தில் பகையாகிவிடும் புல், இங்கே அவை மிகுந்துபோனதால் அழிகிறது.

மாசி முதல் வாரத்தில் படலைத் திறந்தோம். காட்டை நான்கு பங்காகப் பிரித்து, ஒரு பங்கில் பாதியளவு மேய்ந்ததும் அடுத்ததற்கு மாற்றுகிறோம். தூரில் ஒரு சாண் உயரமாவது மிஞ்ச வேண்டும் என்பது கணக்கு. முயல்மசாலை மாடுகள் புல் பச்சையாக இருந்தவரை முகர்ந்துவிட்டு ஒதுக்கின. பங்குனி வெயிலில் புல் காய்ந்த பிறகு அதைத்தான் தேடிப்போயின. சித்திரை, வைகாசியில் வெள்வேலங்காய் உதிரும்போது ஆடுகளை விடுகிறோம். காயைத் தின்ற ஆட்டின் புழுக்கையிலிருந்து அங்கங்கே வெள்வேலக் கன்றுகள் முளைக்கின்றன; நான் கூலியில்லாமல் பெற்ற விதைப்பு அது ஒன்றே.

மண்ணில் நேர்ந்த மாற்றம் மெதுவானது. முதல் ஆண்டில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டாம் மழைக்குப் பிறகு, புல் அடர்ந்த இடத்திலும் வெறுந்தரையிலும் கடப்பாரையால் குத்திப் பார்த்தேன். வெறுந்தரையில் இரண்டு விரற்கடை நனைந்திருந்தது. தூர்களுக்கிடையே ஒரு சாண் ஆழத்துக்கு ஈரம் இறங்கியிருந்தது. பிடுங்கிய மண்கட்டியை நூல் நூலாக வேர்கள் பிடித்திருந்தன. சாணம் இரண்டு நாளில் வண்டுகளால் துளைபட்டு மண்ணுக்குள் போய்விடுகிறது. முன்பெல்லாம் அது வறட்டியாகக் காய்ந்து மாதக்கணக்கில் கிடக்கும். இட்டேரியில் இப்போதும் மழைநீர் ஓடுகிறது, ஆனால் எங்கள் வேலியைத் தாண்டி வரும் நீரில் செம்மை குறைவு.

இந்த ஆண்டும் புரட்டாசிக்கென்று இரண்டு சாக்கு விதையை உத்திரத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். ஒன்று மாமாவின் காட்டுக்கு. சுக்கான் பூமிக்கு இம்முறை முயல்மசால் கிடையாது, நரிப்பயறு மட்டும்தான். படலை ஒட்டிய பத்தடி இடத்தில் மட்டும் மூன்று முறை விதைத்தும் ஒன்றும் நிற்கவில்லை. மாலையில் வீட்டுக்குப் போக மாடுகள் காத்து நின்று மிதிக்கும் இடம் அது. அங்கே விதைப்பதை நான் விட்டுவிட்டேன்.