வேலை போன ஜூலையில் ஒபாமாகேர்

2017 ஜூன் 30 அன்று வேலை போனது. அன்று நள்ளிரவோடு குடும்பத்தின் மருத்துவக் காப்பீடும் முடிந்தது. அப்போது டெக்சாஸில், இர்விங்கில் இருந்தோம். என் மனைவிக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் தைராய்டு புற்றுநோய் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. 2014க்கு முன் என்றால், அந்த ஒரு வரியைப் படித்ததுமே காப்பீட்டு நிறுவனங்கள் எங்கள் விண்ணப்பத்தைத் திருப்பியிருக்கலாம். பழைய நோயைக் காட்டி மறுக்கக் கூடாது என்றது ஒபாமாகேர், அதாவது ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டம். அந்தச் சட்டத்தைத்தான் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் அந்த ஜூலையில் ரத்து செய்யப் பார்த்துக்கொண்டிருந்தது.

வேலை போனாலும் பழைய காப்பீட்டையே 'கோப்ரா' (COBRA) என்ற சட்டப்படி தொடரலாம். நிறுவனம் கட்டிவந்த பங்கையும் நாமே கட்டி, அதற்குமேல் 2 சதவீதமும் தர வேண்டும். விலையைப் பார்த்தால் பாம்பின் பெயர் பொருத்தம்தான். ஆனால் அதில் ஒரு வசதி உண்டு: முடிவு செய்ய 60 நாள் அவகாசம், சேர்ந்தால் முதல் நாளிலிருந்தே செல்லும். ஏதாவது ஆனால் அப்போது சேர்ந்துகொள்ளலாம் என்ற தைரியத்தில் ஜூலையை ஓட்டினோம். மாத்திரைகளுக்குக் கையிலிருந்து பணம் போனது.

வேலை இழந்தவர்கள் ஒபாமாகேரின் கீழ் வந்த அரசின் காப்பீட்டுச் சந்தையில் சேரவும் 60 நாள்தான். 'சில்வர்' எனப்படும் நடுத்தரத் திட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். கிடைத்தவை எல்லாமே எச்.எம்.ஓ. திட்டங்கள், அதாவது அவர்கள் பட்டியலில் உள்ள மருத்துவர்களிடம் மட்டுமே போகக்கூடியவை; மனைவியின் பழைய மருத்துவர் எதிலும் இல்லை. அதற்கு வருந்தவும் நேரமில்லை. காப்பீடு போனதற்கான சான்றைக் கொடுத்தால்தான் சேர்க்கை உறுதியாகும் என்ற விதி, ஜூன் 23 அன்றுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. பழைய அலுவலகக் கடிதத்தில் வேலை முடிந்த தேதி இருந்தது, காப்பீடு முடிந்த தேதி இல்லை. ஏற்கவில்லை. இரண்டாவது கடிதம் வாங்க, என்னை வெளியே அனுப்பியவர்களிடமே நாலு முறை தொலைபேசியில் கெஞ்சினேன்.

இரவுகளில், ரத்து மசோதாவுக்கு செனட்டில் எத்தனை ஓட்டு என்று தலை எண்ணுவேன். குடியரசுக் கட்சிக்கு 52 பேர். அதில் இரண்டு பேர் விலகி 50-50 ஆனாலும் துணை அதிபரின் ஓட்டு மசோதாவைக் காப்பாற்றிவிடும்; அது தோற்க மூன்றாவது ஆள் வேண்டும். ஏழு ஆண்டுகளாக 'ரத்து' என்று முழங்கியவர்களிடம், மாற்று என்ன என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். கடைசியில் மாற்றே இல்லாத ஒரு குட்டி மசோதாவோடு வந்தார்கள். ஜூலை 28, எங்கள் ஊரில் இரவு பன்னிரண்டரை இருக்கும். அந்தக் கட்சியின் செனட்டர்கள் காலின்ஸும் மர்கவ்ஸ்கியும் ஏற்கெனவே எதிர்ப்பு. மூளைப் புற்றுநோய் தெரிய வந்து சில நாள்களே ஆகியிருந்த, அதே கட்சியின் மெக்கெய்ன் வந்து, கட்டைவிரலைக் கீழே காட்டினார். 49-51, மசோதா தோற்றது. பக்கத்து அறையில் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை.

இரண்டாவது கடிதத்தை ஏற்றுக்கொண்டதாகத் தகவல் வர மேலும் நான்கு நாள் ஆனது. காப்பீடு ஆகஸ்ட் 1 முதல் என்றிருந்தது. அன்றே முதல் பிரீமியத்தைக் கட்டினேன்.