அந்தப் பதினோரு நாட்கள்

"சண்டை போட்டதையா எழுதச் சொல்கிறாய்?"

என் கணவர் இப்படிக் கேட்டபோது ஆஸ்திரேலியாவில் நள்ளிரவு தாண்டியிருந்தது. எங்கள் துணைவர் விசா விண்ணப்பத்துக்குக் கூடுதல் சான்று கேட்டுக் கடிதம் வந்து மூன்று நாட்கள் ஆகியிருந்தன. பதில் அனுப்ப 28 நாட்கள் அவகாசம். அவர் அங்கே, நான் இங்கே, இருவரும் ஒரே அழைப்புப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம். 2024 ஏப்ரலில் பதினோரு நாட்களுக்கு எங்களுக்குள் ஓர் அழைப்புகூட இல்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். எங்களுடையது பெரியவர்கள் பார்த்து முடித்த திருமணம். நிச்சயத்துக்கு முன் நேரில் சந்தித்தது ஒரே ஒரு முறை. அதன்பின் நான்கு மாதங்கள் தொலைபேசியில் பேசினோம். 2024 ஜனவரியில் திருமணம். பத்தொன்பதாம் நாள் விடுப்பு முடிந்து அவர் விமானம் ஏறிவிட்டார். ஜூலையில் மீண்டும் இரண்டு வாரம் வந்துபோனார். செப்டம்பரில் விண்ணப்பித்தோம்.

வெளிநாட்டில் இருக்கும் கணவனோ மனைவியோ விண்ணப்பிப்பது 309 என்ற தற்காலிக விசாவுக்கு. அதோடு சேர்த்தே 100 என்ற நிரந்தர விசாவுக்கும் விண்ணப்பித்துவிடுகிறோம். கட்டணம் இரண்டுக்கும் சேர்த்து ஒரே தடவைதான். நாங்கள் கட்டியபோது 9,095 ஆஸ்திரேலிய டாலர். விசா மறுக்கப்பட்டால் அந்தப் பணம் திரும்பி வராது. அவ்வளவு பணத்தைக் கட்டிவிட்டு, "திருமணச் சான்றிதழ் இருக்கிறதே, வேறென்ன வேண்டும்" என்ற நம்பிக்கையில் நான் இருந்தேன். அந்த நம்பிக்கை தவறு.

திருமணம் சட்டப்படி செல்லும் என்பதை மட்டுமே சான்றிதழ் காட்டுகிறது. ஆஸ்திரேலியாவின் 1958ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் அதற்கு மேலும் கேட்கிறது: மற்ற எவருக்கும் இடமில்லாமல் இருவரும் சேர்ந்து வாழும் வாழ்க்கைக்குத் தங்களை ஒப்புக்கொடுத்திருக்க வேண்டும், உறவு உண்மையானதாகவும் தொடர்வதாகவும் இருக்க வேண்டும், இருவரும் சேர்ந்து வாழ வேண்டும் அல்லது நிரந்தரமாகப் பிரிந்து வாழாமல் இருக்க வேண்டும். இந்தக் கடைசி வரியை நான் பலமுறை படித்தேன். வேலைக்காகவும் விசாவுக்காகவும் தனித்தனி நாடுகளில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய ஆறுதல். தூரத்தில் இருப்பது குற்றமில்லை. ஆனால் அந்தத் தூரம் தற்காலிகமானது என்று நாம்தான் காட்டியாக வேண்டும்.

அதிகாரிகள் நான்கு பக்கங்களிலிருந்து உறவைப் பார்க்கிறார்கள். பணத்தை எப்படிப் பகிர்கிறீர்கள், குடும்பத்தை எப்படி நடத்துகிறீர்கள், உங்களைத் தம்பதியாகச் சுற்றியிருப்பவர்கள் அறிவார்களா, ஒருவர்மேல் ஒருவர் எவ்வளவு உறுதியாக இருக்கிறீர்கள். 1994ஆம் ஆண்டு விதிமுறைகளிலேயே இவை எழுதப்பட்டிருக்கின்றன. நான்கிலும் சமமாக நிறைந்திருக்க வேண்டும் என்பதில்லை. எது குறைவோ அது ஏன் குறைவு என்று சொல்ல வேண்டும். இதை நாங்கள் முதலில் செய்யத் தவறினோம்.

எங்கள் முதல் கோப்பில் திருமணப் படங்கள் மட்டும் எண்பதுக்கு மேல் இருந்தன. எண்பதும் ஒரே நாளில், ஒரே மண்டபத்தில், ஒரே உடையில் எடுத்தவை. அவற்றைப் பார்க்கும் அந்நியர் ஒருவருக்கு என்ன தெரியும்? ஒரு விழா நடந்தது என்பது தெரியும். அதற்கு மறுநாள் நாங்கள் யாராக இருந்தோம் என்பது தெரியாது. இரண்டாவது முறை அவற்றில் ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டேன். மீதிக்குப் பதிலாக, ஜூலையில் அவர் வந்தபோது என் தங்கை கைபேசியில் எடுத்த கலங்கலான படங்களைச் சேர்த்தேன். ஒன்றில் அவர் என் அப்பாவின் மருந்துகளை வேளை வாரியாகப் பெட்டியில் பிரித்து வைத்துக்கொண்டிருக்கிறார். நான் பக்கத்தில் சீட்டைப் படித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இருவருமே கேமராவைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு படத்தின் கீழும் தேதி, இடம், படத்தில் இருப்பவர்கள் எங்களுக்கு என்ன உறவு என்று ஒரு வரி எழுதினேன்.

எங்கள் உறவைப் பற்றி நாங்களே எழுதித் தர வேண்டிய வாக்குமூலத்திலும் தடுமாறினோம். தொடக்கத்தில் நாங்கள் அணுகிய ஓர் ஆலோசகர், ஏற்கெனவே அச்சடித்த கடிதம் ஒன்றைக் கொடுத்தார். பெயரும் தேதியும் நிரப்பினால் போதும் என்றார். "முதல் பார்வையிலேயே எங்கள் இதயங்கள் இணைந்தன" என்று அது தொடங்கியது. எனக்குக் கோபம்தான் வந்தது. முதல் பார்வையில் நான் அவரிடம் கேட்டது, அங்கே வேலை நிரந்தரமா என்பதுதான். என் திருமணத்தைப் பற்றிப் பொய் சொல்லி என் திருமணம் மெய் என்று நிரூபிக்க முடியுமா? பொய்யான தகவலோ போலி ஆவணமோ கொடுத்தது தெரிந்தால் விசா மறுக்கப்படுவதோடு, மூன்று ஆண்டுகளுக்கு வேறு விசாவும் கிடைக்காமல் போகலாம். ஆஸ்திரேலியாவுக்குள் பணம் வாங்கிக்கொண்டு குடியேற்ற ஆலோசனை சொல்பவர் அங்கே பதிவு பெற்ற முகவராகவோ வழக்கறிஞராகவோ இருக்க வேண்டும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பதிவுப் பட்டியலை இணையத்தில் எவரும் தேடிப் பார்க்கலாம். அந்த ஆலோசகரின் பெயர் அதில் இல்லை. நாங்களே விண்ணப்பிக்க முடிவு செய்தோம்.

இருவரும் ஒருவருக்கொருவர் காட்டாமல் தனித்தனியாக எழுதினோம். பிறகு ஒப்பிட்டபோது, முதலில் சந்தித்த தேதியே வேறுபட்டது. அவர் நிச்சய நாளைக் குறித்திருந்தார். நான் அதற்கு மூன்று வாரம் முன்பு வீட்டில் சந்தித்த நாளைக் குறித்திருந்தேன். இருவர் சொன்னதிலும் பொய் இல்லை. ஆனாலும் இப்படிப்பட்ட முரண் கோப்பில் அப்படியே போனால் விளக்கம் சொல்ல நாம் அங்கே இருக்கமாட்டோம். தேதிகளை மட்டும் ஒழுங்குபடுத்திக்கொண்டு, சொற்களை அவரவருடையதாகவே விட்டுவிட்டோம்.

இவ்வளவு செய்தும், அடுத்த ஆகஸ்டில் அந்தக் கடிதம் வந்தது. திருமணத்துக்குப் பின்னான தொடர்புக்கும் குடும்ப அமைப்புக்கும் மேலும் சான்று வேண்டுமாம். அதைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. நம்மை நம்பவில்லை என்றுதான் முதலில் தோன்றியது. ஆறிய பின் பார்த்தபோது, அவர்கள் கேட்டது நியாயம் என்று புரிந்தது. நாங்கள் அனுப்பியிருந்த உரையாடல்கள் அத்தனையும் பிறந்தநாள் வாழ்த்துகளும் திருமண நாள் நெருங்கிய நேரத்துப் பேச்சுகளுமாகவே இருந்தன. நல்ல நாட்களை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு, நடுவில் இருந்த மாதங்களை விட்டுவிட்டோம். விட்டதில் அந்த ஏப்ரலும் ஒன்று.

அந்த ஏப்ரலில் என் அப்பாவுக்கு இருதய அறுவை சிகிச்சை நடந்தது. நான் மருத்துவமனையிலேயே இருந்தேன். என் கணவர் அழைக்கும்போதெல்லாம் பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிடுவேன். ஒருநாள் அவர், "இந்த வீட்டுக்கு நான் யார் என்றே தெரியவில்லை" என்றார். நானும் கடுமையாக ஒன்று சொன்னேன். பிறகு பேச்சே இல்லை. பதினோரு நாட்கள்.

அதை எழுத அவருக்கு மனம் வரவில்லை. கணவன் மனைவிக்குள் நடந்ததை அரசாங்கத்துக்கு எதற்குச் சொல்ல வேண்டும், அதுவே நமக்கு எதிராகப் போய்விட்டால் என்ன செய்வது என்றார். நான் சொன்னேன்: "மறைத்தால் அங்கே வெற்றிடம்தான் தெரியும். அந்த வெற்றிடத்துக்கு அவர்களே ஒரு காரணம் நினைத்துக்கொள்வார்கள். அதைவிட உண்மையான காரணத்தை நாமே சொல்லிவிடலாம்." நெடுநேரம் பேசாமல் இருந்தவர், தன் வங்கிக் கணக்கைத் திறந்தார். பன்னிரண்டாம் நாள் காலையில் அவர் என் கணக்குக்கு அனுப்பிய தொகை அதில் இருந்தது. குறிப்புப் பகுதியில் "அப்பா டிஸ்சார்ஜ்" என்று எழுதியிருந்தார். என் அப்பாவைத்தான் அப்படி எழுதியிருந்தார். மருத்துவமனை ரசீதில் மறுநாள் தேதி. அழைப்புப் பட்டியலில் அன்று மாலை இரண்டு மணி நேரம் நாற்பது நிமிடம் பேசியிருக்கிறோம்.

மூன்று தாள்களையும் அடுத்தடுத்து வைத்தோம். வேறு எதையும் அழுத்திச் சொல்லத் தேவைப்படவில்லை. சண்டை, காரணம், பணம், பேச்சு என்று நடந்ததை அரைப் பக்கத்தில் எழுதினோம். என் கணவரே எழுதினார்.

மற்ற மாதங்களுக்கு, மாதம் ஒன்றுக்கு மூன்று பக்கம் என்று வாட்ஸ்அப் உரையாடலை எடுத்தேன். சிறப்பு நாட்களை வேண்டுமென்றே தவிர்த்தேன். வாடகை ஏறியது, என் பல் வலி, அவர் சாவியைத் தொலைத்தது, இன்வெர்ட்டருக்கு எந்தப் பேட்டரி வாங்குவது போன்றவை. ஆயிரக்கணக்கான பக்கங்களை அப்படியே கொட்டினால் யாரும் படிக்க முடியாது. தொடர்ச்சி தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் பேச்சு முழுக்கத் தமிழ் என்பதால் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவுக்குள் செய்தால், நாட்டி (NAATI) என்ற அந்நாட்டு மொழிபெயர்ப்பாளர் தரச்சான்று அமைப்பின் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும். வெளிநாட்டில் செய்தால் அந்த அங்கீகாரம் கட்டாயமில்லை. ஆனால் மொழிபெயர்த்தவர் தம் முழுப் பெயர், முகவரி, தொலைபேசி எண், தகுதி, அனுபவம் ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும். எங்களுக்குச் செய்து கொடுத்த அம்மா மிகவும் நிதானமானவர். "இவர் நாலு வரி எழுதுகிறார், நீங்கள் 'ம்' என்று மட்டும் போடுகிறீர்கள். ஒரு இடத்தில் சரி என்று பொருள், இன்னொரு இடத்தில் கோபம், இங்கே அழுதுகொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எது என்று சொல்லுங்கள், அதன்படி எழுதுகிறேன்" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர் ஊகம் எல்லா இடத்திலும் சரியாக இருந்தது.

குடும்ப அமைப்புக்குத்தான் சிரமப்பட்டோம். சேர்ந்து வாழ்ந்த நாட்கள் மொத்தம் ஐந்து வாரம்கூட இல்லை. அவர் நண்பர்களோடு பகிர்ந்திருந்த அறையை விட்டுவிட்டுத் தனி வீடு எடுத்திருந்தார். வாடகை ஒப்பந்தத்தில் குடியிருக்கப் போகிறவர்கள் என்ற இடத்தில் என் பெயரும் இருந்தது. அதை முதலில் அனுப்பவே தோன்றவில்லை. சூப்பர் என்று அங்கே சொல்லப்படும் ஓய்வூதிய நிதியில், தனக்கு ஏதாவது நேர்ந்தால் பணம் எனக்குச் சேர வேண்டும் என்று அவர் பதிவு செய்திருந்ததையும் இந்த முறை சேர்த்தோம். அதை அவர் திருமணமான இரண்டாம் மாதமே செய்திருந்தார். எனக்கு அன்றுதான் தெரியும்.

சாட்சிகளுக்கு 888 என்ற படிவம் உண்டு. ஆஸ்திரேலியக் குடியுரிமையோ அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமையோ உள்ளவர்கள், எங்கள் இருவரையும் அறிந்தவர்கள் நிரப்ப வேண்டும். அவருடைய முன்னாள் அறைத்தோழர் முதல் தடவை எழுதியது: "இருவரும் மிகவும் அன்பான தம்பதி." அன்போடுதான் எழுதினார், ஆனால் அதை யாரைப் பற்றியும் எழுதலாம். நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள் அண்ணா என்று கேட்டுக்கொண்டேன். இரண்டாவது தடவை இப்படி எழுதினார்: ஞாயிறுதோறும் இவன் கைபேசியை அடுப்பு மேடையில் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டுச் சமைப்பான், அவள் அங்கிருந்து உப்பைக் குறை, தீயைக் குறை என்று சொல்வாள், அவர்கள் பேசி முடிக்கும்வரை நாங்கள் சமையலறைக்குள் போகமாட்டோம். படித்தபோது என் கண் நிறைந்துவிட்டது.

26ஆம் நாள் எல்லாவற்றையும் பதிவேற்றினோம். கோப்புகளுக்குப் பொருள் தெரியும்படி பெயர் வைத்து, எந்தத் தாள் எதைக் காட்டுகிறது என்று ஒரு பக்கக் குறிப்பையும் முன்னால் வைத்தோம். காவல்துறைச் சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை எல்லாம் முன்பே முடிந்திருந்தன. நவம்பரில் 309 கிடைத்தது.

இப்போது நான் அவருடன் இருக்கிறேன். விண்ணப்பித்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் ஆகும்போது நிரந்தர விசாவுக்காக உறவை மீண்டும் பார்ப்பார்கள். அதற்காக மாதத்துக்கு ஒரு கோப்புறை வைத்திருக்கிறேன். மின்கட்டண ரசீதில் இரண்டு பெயர்களும் வருகின்றன. பொதுக் கணக்கு தொடங்கிவிட்டோம். ஏப்ரல் பற்றி அவர் எழுதிய அரைப் பக்கத்தின் பிரதி முதல் கோப்புறையில் இருக்கிறது. சேர்க்க வேண்டும் என்பதற்காக இல்லை, நான் வைத்துக்கொள்வதற்காக.