மூன்றாம் மாடி, இடது பக்கம்

2025 ஜனவரி 9, கோவில்பட்டி

புத்தாண்டு பிறந்த கையோடு போர்ச்சுகலில் குறைந்தபட்ச மாத ஊதியத்தை 820 யூரோவிலிருந்து 870 ஆக உயர்த்திவிட்டார்கள். அந்த ஊர்த் தொழிலாளிகளுக்கு நல்ல சேதி. அங்கே குடியேற நினைக்கும் எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இணையம் வழியாக வேலை பார்ப்பவர்களுக்கென்று 2022 அக்டோபர் இறுதியில் அவர்கள் தொடங்கிய டி8 விசா, குறைந்தபட்ச ஊதியத்தைப் போல நான்கு மடங்கு மாத வருமானம் கேட்கிறது. போன மாதம் வரை 3,280. இப்போது 3,480. நம் பணத்தில் மாதம் மூன்று லட்சத்துக்கு மேல். கடைசி மூன்று மாதங்களின் சராசரியைப் பார்ப்பார்கள். என் சராசரி 3,410.

எழுபது யூரோ துண்டு விழுகிறது. நான் மென்பொருள் கையேடுகள் எழுதுகிறவன்; வேலை கொடுப்பவர்கள் அமெரிக்காவில். கூச்சத்தை ஒதுக்கிவிட்டு, "இந்த மாதம் இரண்டு கையேடு கூடுதலாகக் கொடுங்கள்" என்று மெயில் போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 4, சென்னை

கையேடுகள் கிடைத்தன, சராசரி தேறியது, மனு கொடுத்தாயிற்று. போலீஸ் சான்றிதழில், அதை வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்டில் முத்திரை, போர்ச்சுகல் வரி எண், மூன்று மாத வங்கிக் கணக்கு, வேலை ஒப்பந்தம், காப்பீடு. இதெல்லாம் அலைச்சல்தான், பெரிய விஷயமில்லை. வீட்டு ஒப்பந்தம்தான் இடித்தது. விசா கிடைக்குமா என்று தெரியாது. ஆனால் போய்த் தங்கப்போகும் வீட்டுக்கு ஓராண்டு ஒப்பந்தம் இப்போதே காட்ட வேண்டும். போர்ட்டோ நகரில் ஒரு வீட்டை வீடியோவில் பார்த்தே முன்பணம் கட்டினேன். பெண் பார்க்காமல் தாலி கட்டுகிற கதை.

ஏப்ரல் 3

வந்துவிட்டது. நான்கு மாத விசா, இரண்டு முறை நுழையலாம். அங்கே போய் வசிப்பு உரிமம் வாங்கும்வரை ஓட்டுவதற்கு இது. குடியேற்ற அலுவலகத்துக்குப் போக வேண்டிய நாளும் குறித்திருக்கிறார்கள்: ஜூன் 17.

ஏப்ரல் 28, போர்ட்டோ

வந்து எட்டு நாள். இன்று காலை பதினொன்றரை மணிக்குக் கரண்ட் போனது. எங்கள் கட்டடத்தில் மட்டும் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் தெருவில் இல்லை, ஊரில் இல்லை, நாட்டிலேயே இல்லை. பக்கத்து ஸ்பெயினிலும் இல்லை. மெட்ரோ நின்றது, சிக்னல் அணைந்தது, கடைகளில் கார்டு செல்லவில்லை. என்னிடம் இருந்த இருபது யூரோ நோட்டு திடீரென்று பெரிய சொத்தாகிவிட்டது.

மாடிப்படியில் எல்லோரும் கூடி ஒரு பழைய பேட்டரி ரேடியோவைச் சுற்றி நின்றார்கள். பதற்றப்படாமல் இருந்த ஒரே ஆள் நான்தான். 2012-ல் தமிழ்நாட்டில் இருந்தவனுக்குக் கரண்ட் கட்டைப் பற்றி யார் பாடம் எடுப்பது? கீழ் வீட்டு அம்மா மெழுகுவர்த்தி கொடுத்தார். நான் கேஸ் அடுப்பில் டீ போட்டுக் கொடுத்தேன். அவர் வீட்டில் இருப்பது மின்சார அடுப்பு. இரவு விளக்கு வந்ததும் தெருவே கை தட்டியது.

அமெரிக்காக்காரர்களுடன் பேச வேண்டிய கூட்டம் போச்சு. எங்கிருந்தும் வேலை செய்யலாம் என்று சொல்லித்தானே இந்த விசா வாங்கினேன்!

மே 14

உரிமத்துக்கு முகவரிச் சான்று வேண்டும். வீட்டு ஒப்பந்தத்தை வரி அலுவலகத்தில் பதிந்தீர்களா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். அடுத்த வாரம் என்றார். போன வாரமும் அதையேதான் சொன்னார். பதிந்தால் வாடகைக்கு வரி கட்ட வேண்டுமே.

காபிக்கடைக்காரர்தான் வழி சொன்னார். இங்கே ஒவ்வொரு வட்டாரத்துக்கும் 'ஜுண்டா' என்று ஒரு சின்ன உள்ளாட்சி அலுவலகம் உண்டு. நம் ஊரில் வி.ஏ.ஓ.விடம் இருப்பிடச் சான்றிதழுக்கு நிற்பதுபோல இங்கே ஜுண்டாவில் நிற்க வேண்டும். அந்த வட்டார வாக்காளர் பட்டியலில் இருக்கும் இரண்டு பேர், "இவர் இங்கேதான் இருக்கிறார், எங்களுக்குத் தெரியும்" என்று கையெழுத்துப் போட்டால் போதும்.

காபிக்கடைக்காரர் ஒருவர். இன்னொருவர்? கீழ் வீட்டு அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அந்த டீ போட்ட பையன்தானே" என்று சொல்லிக்கொண்டே கைப்பையை எடுத்தார். நான்கு மாதமாகச் சேர்த்த காகிதக் கட்டில் இல்லாத ஒன்று ஒரு டம்ளர் டீயில் இருந்திருக்கிறது.

சான்றிதழில் என் முகவரி: மூன்றாம் மாடி, இடது. இங்கே கட்டடத்துக்குத்தான் எண், உள்ளே இருக்கும் வீட்டுக்கு மாடியும் பக்கமும்தான்.

மே 19

நேற்று நாடாளுமன்றத் தேர்தல். குடியேறிகளுக்கு எதிராகப் பேசும் சேகா கட்சி, சோசலிஸ்ட் கட்சிக்குச் சமமாக 58 இடம் பிடித்திருக்கிறது. காபிக்கடையில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. எனக்காகக் கையெழுத்துப் போட்ட இருவர் யாருக்கு வாக்களித்தார்கள் என்று யோசித்தேன். கேட்கிற உத்தேசம் இல்லை.

மே 29

வெளிநாட்டு வாக்குகளையும் எண்ணிவிட்டார்கள். சேகா இப்போது 60. ஐரோப்பாவின் மற்ற நாடுகளிலும் அதற்கு வெளியேயும் பிழைக்கப் போன போர்ச்சுகீசியர்கள் சேர்த்த இரண்டு இடங்கள்!

ஜூன் 17

குடியேற்ற அலுவலகக் கூடத்தில் என் எண் வரும் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் அதிகாரி எட்டிப் பார்த்து அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன், அப்பா வந்திருக்கிறாரோ என்று. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போட்ட பலன். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இது தகப்பன் பெயர் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில் விளக்கினேன். அவர் தலையாட்டிவிட்டு மறுபடியும் அதே பெயரைச் சொல்லி, விரலை வைக்கச் சொன்னார்.

கைரேகை, படம், கையெழுத்து. இருபது நிமிடம். வசிப்பு உரிம அட்டை தபாலில் வரும்.

இரவு அப்பாவிடம் சொன்னேன். "ஏலே, கூப்பிட்டதுக்கு யாரு பதில் சொன்னது?" என்று கேட்டார்.

ஜூன் 23

இன்று ராத்திரி புனித ஜோவான் திருவிழா. ஊரே பிளாஸ்டிக் சுத்தியலை வைத்துக்கொண்டு முன்பின் தெரியாதவர்கள் தலையில் செல்லமாகத் தட்டுகிறது. தெருவெங்கும் மத்தி மீன் சுடும் புகை. நள்ளிரவில் டோரோ ஆற்றின் மேல் வாணவேடிக்கை.

பகலில் அரசும் ஒரு தட்டு தட்டியது. குடியுரிமை கேட்க இதுவரை ஐந்தாண்டு வசித்திருந்தால் போதும். இனி பத்தாண்டு, போர்ச்சுகீசிய மொழி பேசும் நாட்டவர்களுக்கு ஏழு என்று சட்ட முன்மொழிவை அறிவித்திருக்கிறார்கள். என் கையில் அட்டையே வரவில்லை, அதற்குள் கணக்கு இரட்டிப்பு. ஐந்தாண்டில் எப்படியும் நிரந்தர வசிப்புக்கு மனு போடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு சுத்தியல் ஒன்று வாங்கினேன். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி என்னை மூன்று முறை அடித்தாள்.

ஜூலை 22

சுயதொழில் செய்வோர் தரும் ரசீதுக்கு இங்கே 'பச்சை ரசீது' என்று பெயர். கணினிக்கு மாறி எத்தனையோ காலமாகியும் பச்சை மட்டும் போகவில்லை. சமூகப் பாதுகாப்புக்கு 21.4 சதவீதம் கட்ட வேண்டும். வருமானத்தின் 70 சதவீதத்துக்குத்தான் அந்தக் கணக்கு. முதல் பன்னிரண்டு மாதம் விலக்கு. இதைப் புரிந்துகொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது.

செப்டம்பர் 11

தபால்காரர் மணியடித்தார். மூன்று மாடி இறங்கி ஓடினேன். ஏற்கெனவே கீழ் வீட்டு அம்மா அவரை நிறுத்தி வைத்து, "இடது பக்கம், இடது பக்கம்" என்று மாடியைக் காட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு ஆண்டுக்கு உரிமம். படம் கைதி மாதிரி இருக்கிறது, பரவாயில்லை. படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். அட்டையில் குடும்பப் பெயர் முதலில் வரும். உடனே போன் வந்தது.

"என்னலே, முதல்ல என் பேரு போட்டிருக்கான்? அப்ப பாஸ்போர்ட்டு எடுக்காமலே நானும் அங்க குடியேறிட்டேன்னு சொல்லு."