பிறர் வீட்டுக்குக் காவலாக, ஊர் ஊராக

என் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, வெளியூர் செல்வோரின் வீட்டையும் வளர்ப்புப் பிராணிகளையும் பார்த்துக்கொண்டு, கோபிசெட்டிபாளையம், பொள்ளாச்சி, உடுமலை என்று கொங்கு நாட்டுக்குள்ளேயே இடம் மாறி வாழ்கிறேன். இப்படி வீட்டுக்காரரையும் பார்த்துக்கொள்பவரையும் இணைக்கும், 2010இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட டிரஸ்டட் ஹவுஸ்சிட்டர்ஸ் போன்ற இணையதளங்களில் இரு தரப்பினரும் ஆண்டுச் சந்தா செலுத்துகிறார்கள். பார்த்துக்கொள்பவருக்குக் கூலி கிடையாது, தங்குமிடமே ஈடு. எனக்கோ வீடுகள் தெரிந்தவர்கள் சொல்லித்தான் வருகின்றன, அதுவே நம்பிக்கையளிக்கிறது.

சாவியை வாங்கும் முன் ஒரு நாளாவது வீட்டுக்காரர்களோடு தங்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன். நாய் எங்கே படுக்கும், இடி இடித்தால் எங்கே ஒளியும் என்பதையெல்லாம் நேரில் பார்த்தால்தான் தெரியும். "அவனுக்குச் சாம்பார் சோறுன்னா உசுரு கண்ணு" என்றார் பொள்ளாச்சியில் ஓர் அம்மா. சின்ன வெங்காயம் இல்லாத சாம்பார் நம் வீடுகளில் ஏது? வெங்காயமும் பூண்டும், பச்சையாயினும் வெந்ததாயினும், நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையை உண்டாக்கும் என்று எடுத்துச் சொன்னேன். இப்போது வெறும் சோறும் அவித்த முட்டையும் வைக்கிறார்.

பூனை வேறு விதம். பழகிய முகம் காணாவிட்டால் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டு தட்டைத் தொடாது. சில நாள் பட்டினி கிடந்தாலே, குறிப்பாகப் பருத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்புப் படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், தின்ற அளவை நோட்டில் குறித்து அன்றன்றே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன். கால்நடை மருத்துவரின் எண்ணும் வெறிநோய்த் தடுப்பூசி அட்டையும் கைக்கு வராமல் எந்த வீட்டையும் ஏற்பதில்லை.