எண் கண்டுபிடிக்கும் விளையாட்டு எதுவரை கைகொடுக்கும்?

பொறியியல் மாணவர்களுக்கு நியூமரிக்கல் மெத்தட்ஸ் பாடத்தில், சார்பு சுழியாகும் இடத்தை (மூலத்தை) இடைவெளியைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் பைசெக்‌ஷனைத் தொடங்க, எண் கண்டுபிடிக்கும் விளையாட்டே போதும். 1 முதல் 100க்குள் ஒருவர் ஓர் எண்ணை நினைத்துக்கொள்ள, அடுத்தவர் '50-ஐவிடப் பெரிதா?' என்று பாதி பாதியாகக் கேட்டு ஏழு கேள்விக்குள் பிடித்துவிடலாம். 2-ஐ ஏழு முறை பெருக்கினால் 128. அங்கிருந்து, 1 அகலமுள்ள இடைவெளியைப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே சுருக்க 20 முறை பாதியாக்க வேண்டும் என்பதை வகுப்பே கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். சூத்திரத்தைப் பிறகு எழுதினால் போதும்.

ஆனால் விளையாட்டில் விடை நிச்சயம் உண்டு. இங்கே இடைவெளியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குள் சார்பின் குறி (கூட்டல், கழித்தல்) மாறுகிறது என்பது மட்டும்தான் கையில் இருக்கும், அதுவும் சார்பு தொடர்ச்சியாக இருந்தால்தான் செல்லும். இதை அன்றைக்கே காட்டிவிடுவது நல்லது. டேன் சார்பை 1-க்கும் 2-க்கும் இடையே கொடுத்தால் மதிப்புகள் 1.557, −2.185. குறி மாறிவிட்டது, பைசெக்‌ஷனும் சமர்த்தாக 1.5708-இல் போய் நிற்கும். அது மூலமே அல்ல, π-இல் பாதி; அங்கே டேன் தொடர்ச்சியாக இல்லை. அட்டவணையில் சார்பின் மதிப்புக்கும் ஒரு பத்தி போட்டிருந்தால், அது சுழியை நெருங்காமல் ஆயிரம், லட்சம் என்று வீங்குவது கண்ணில் படும். பலர் விட்டுவிடுவது அந்தப் பத்தியைத்தான்.

தொடுகோடு அச்சை வெட்டும் இடத்தையே அடுத்த மதிப்பாக எடுத்து மூலத்தை நெருங்கும் நியூட்டன்-ராப்சன் முறைக்கு ஒப்புமை தேடாமல் தொடுகோட்டை வரைவதே மேல். நியூட்டனே எடுத்துக்கொண்ட சமன்பாடு எக்ஸ்³ − 2எக்ஸ் − 5 = 0. 2-இல் தொடங்கினால் 2.1, 2.094568, 2.0945515 என்று மூன்றே படியில் ஏழு தசம இடம் சரியாகிவிடும். மாணவர்கள் அசந்துபோகும் அந்த நேரத்தில் எக்ஸ்³ − 2எக்ஸ் + 2-ஐக் கொடுத்து, 0-இலிருந்து தொடங்கச் சொல்ல வேண்டும். 1 வரும், பிறகு 0, மறுபடி 1. கால்குலேட்டரில் தப்பாகத் தட்டிவிட்டோம் என்றுதான் முதலில் நினைப்பார்கள். 0-இல் வரைந்த தொடுகோடு அச்சை 1-இலும், 1-இல் வரைந்தது 0-இலும் வெட்டுவதைப் பலகையில் பார்த்ததும் தொடக்க மதிப்பின் அருமை புரியும். −2-இல் தொடங்கினால் −1.8, −1.76995 என்று ஒழுங்காக மூலத்துக்குப் போய்விடும்.

விடைத்தாள் திருத்தும்போது ஒன்று. எக்ஸ் = காஸ் எக்ஸ் கணக்குக்கு 0.7391 வர வேண்டிய இடத்தில் 0.9998 இருந்தால், கால்குலேட்டர் ரேடியனுக்குப் பதிலாக டிகிரி மோடில் இருந்திருக்கிறது. அந்த விடை ஓரிரு படியிலேயே அசையாமல் நின்றுவிடுவதால் எழுதியவருக்குச் சந்தேகமே வராது.