வன்னியில் ஓர் இன்டஸ்ற்றியல் இரவு: எத்தனை பொக்ஸ் என்பதற்கு முதல்

இன்டஸ்ற்றியல் இசைக்கு ஆடுகிற இரவு ஒன்றை வன்னியில் வைக்க யோசிக்கிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை பொக்ஸ் (ஸ்பீக்கர்ப் பெட்டி) எடுக்க வேணும்?" அதற்குப் பதில் லேசு, கீழே வருகிறது. அதற்கு முதல் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, போடப்போகிற ஒவ்வொரு பாட்டையும் தொடக்கம் முதல் கடைசிவரை கேளுங்கள். பாதியைக் கழிக்க வேண்டிவரும்.

இந்த இசையின் பிறப்பு அப்படி. 1976இல் லண்டனில் த்ரொபிங் கிறிசில் குழு தொடங்கிய இன்டஸ்ற்றியல் ரெக்கோர்ட்ஸ் என்ற வெளியீட்டகத்தின் பெயர்தான் பிறகு ஒரு இசைவகைக்கே பெயராகியது. 1980இல் மேற்கு பெர்லினில் தோன்றிய ஐன்ஸ்ற்றுயர்செண்டே நொய்பௌட்டன் தகரம், ஸ்பிரிங், ட்ரில் மெசின் எல்லாவற்றையும் வாத்தியமாக்கியது. பெல்ஜியத்தின் ஃப்ரண்ட் 242 அதற்கு நேரான ஓர் அடியைக் கொடுத்து ஆட்டத்துக்கு ஏற்றதாக்கியது; ஈபிஎம் (எலெக்ட்ரோனிக் பொடி மியூசிக்) என்று சொல்வது அதைத்தான். சிக்காகோவின் வக்ஸ் ற்றக்ஸ் வெளியீட்டகம் அதை அமெரிக்காவில் பரப்பியது. லண்டனின் ஸ்லைம்லைட், லைப்சிக்கில் 1992இலிருந்து நடக்கும் வேவ் கோதிக் ற்றெஃபன் விழா போன்ற இடங்களில் விடிய விடிய ஆடுவது இதன் கிளைகளுக்குத்தான். இந்தக் குழுக்களில் பல, இயந்திரச் சத்தத்தோடு போரின் சத்தத்தையும் எடுத்துக்கொண்டன: சைரன், ஹெலி, வோக்கி டோக்கிப் பேச்சு, துப்பாக்கிச் சூடு. அங்கே அதற்கு எதிர்ப்பு, எள்ளல் என்று ஒரு பொருள் உண்டு. 2009இன் கடைசிப் போரைப் பங்கருக்குள் கிடந்து கடந்த ஆள் அடுத்த வளவில் படுத்திருக்கும் ஊரில் அந்தப் பொருள் செல்லாது.

சைரனையும் வெடியையும் கழிப்பது எவருக்கும் தோன்றும். தோன்றாத இரண்டு இருக்கின்றன. ஒன்று, பாட்டு உச்சத்துக்குப் போகுமுன் ஏறி வருகிற வெறும் இரைச்சல். சுருதி ஏறி இறங்கும் அந்த ஸ்வீப் பெரிய பொக்ஸில் கிபிர் போர்விமானம் பதிந்து வருவது போலவே கேட்கும். அடுத்தது மண்டபத்துக்கு வெளியே கேட்பது. சுவரும் கூரையும் மேல் அலைவரிசைகளை மறிக்கும், பேஸை விட்டுவிடும். உள்ளே இருப்பவருக்கு அது பாட்டு. 300 மீற்றர் தள்ளி இருப்பவருக்கு 'டும்' மட்டும்தான். அந்த 'டும்' நிமிடத்துக்கு 120 தடவை ஒரே சீராக விழுந்தால் எங்கேயோ கலியாண வீடு என்று திரும்பிப் படுப்பார். ஒன்று விழுந்து, நாலு வினாடி அமைதி, பிறகு இரண்டு என்று ஒழுங்கில்லாமல் விழுந்தால் தூரத்து ஷெல். ஆகவே இங்கே சீரான நாலு அடி ஈபிஎம்தான் முதுகெலும்பு. தாளம் உடைந்த நொய்ஸ் வகைகள் எவ்வளவு நல்லவையாக இருந்தாலும் அவற்றை ஹெட்போனுக்கு விட்டுவிடுங்கள்.

வெட்ட வேண்டிய பேச்சுத் துணுக்குகள் பெரும்பாலும் பாட்டின் முதல் அரை நிமிடத்திலும் நடு இடைவெளியிலும் இருக்கும். முதல் கிக் (பேஸ் ட்ரம் அடி) விழும் இடத்தில் கியூ, அதாவது தொடங்கும் அடையாளம், போட்டு அங்கிருந்தே தொடங்கினால் பாதிப் பாட்டுகள் தப்பும். யூரியூப்பிலிருந்து இறக்கிய 128 கேபிபிஎஸ் கோப்புகளைப் பெரிய பொக்ஸில் போடாதீர்கள். உலோகச் சத்தமெல்லாம் மணல் அள்ளிக் கொட்டுவது போல வரும்.

நாளும் நேரமும் அடுத்தது. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும், இரவு 10 மணிக்கு நிறுத்த வேண்டும். லண்டனில் ஆட்டம் தொடங்கும் நேரத்தில் இங்கே பொக்ஸ் ஏற்றிக்கொண்டிருப்பீர்கள். ஆகையால் ஆறு மணிக்கே முதல் பாட்டு. போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே மாதம் 18ஐ அண்டிய நாட்களையும் மாவீரர் நாளான நவம்பர் 27ஐ ஒட்டிய வாரத்தையும் தொடவே வேண்டாம். போயா, ஓ லெவல், ஏ லெவல் சோதனைக் காலங்களும் சரிவராது. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலை ஒட்டி நல்ல சவுண்ட்காரர் யாரும் கிடைக்கமாட்டார். ஐப்பசி, கார்த்திகை மழையில் தகரக் கூரைக்குக் கீழே எந்தப் பாட்டும் கேட்காது.

மண்டபமா, மில் ஸ்டோரா என்றால் கலியாண மண்டபம்தான் தலையிடி குறைந்தது. நெல் ஸ்டோர் பார்க்க எடுப்பாக இருக்கும், இந்த இசைக்குப் பொருத்தமாகவும் இருக்கும். ஆனால் பெரும்போக அறுவடை முடிந்த கையோடு மூட்டை அடுக்கிவிடுவார்கள். வெறுமையாகக் கிடக்கும் காலத்திலும் வளையிலும் சுவரிலும் தவிட்டுத் தூசி ஒட்டியிருக்கும். பேஸ் அடிக்க அது கொட்டும், காற்றில் மிதக்கும். மிதக்கும் தவிட்டுத் தூசிக்குத் தீப்பொறி பட்டால் வெடிக்கும். முதல் நாளே கூட்டி, கழுவி, காயவிட வேண்டும். கிறைண்டர் பொறி, மெழுகுதிரி, பட்டாசு எதுவும் உள்ளே வரக்கூடாது.

இனி பொக்ஸ். 40க்கு 80 அடி மண்டபம், 150 பேர் என்றால் 18 இஞ்சி பேஸ் பொக்ஸ் நாலு, பேஸுக்கு மேலுள்ள சத்தத்துக்கு 15 இஞ்சி டொப் இரண்டு. சவுண்ட்காரர் பழக்கத்தில் பேஸை இடம் இரண்டு வலம் இரண்டாக வைப்பார். விடாதீர்கள். 60 ஹேர்ட்ஸின் அலைநீளம் ஏறக்குறைய 5.8 மீற்றர். இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் தூரத்தில் 2.9 மீற்றர் வித்தியாசம் உள்ள இடத்தில் ஒன்றையொன்று அழித்துவிடும். அங்கே நிற்பவருக்குக் கிக் இல்லை, ஓர் எட்டு தள்ளி நிற்பவருக்கு நெஞ்சு அதிரும். நாலையும் முன்பக்க நடுவில் ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கினால் ஆடும் இடம் முழுவதும் ஒரே கனமாக வரும். டொப் இரண்டும் பக்கத்துக்கொன்றாக, தலைக்கு மேல் உயரத்தில். பேஸுக்கும் டொப்புக்கும் பிரிப்பு 90 முதல் 100 ஹேர்ட்ஸில்.

மிக்ஸரைத் தொடுமுன் ஈகியூ (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள்) எல்லாவற்றையும் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். கலியாண செட் நாதஸ்வரத்துக்கும் அறிவிப்பாளருக்கும் என்று 2 முதல் 4 கிலோஹேர்ட்ஸ் வரை தூக்கி வைக்கப்பட்டிருக்கும். சிதைத்த குரலும் இரும்புத் தட்டலும் இருப்பது சரியாக அதே இடத்தில்தான். அதை அப்படியே விட்டால் அரை மணியில் காது களைத்து ஆக்கள் வெளியே போய் நிற்பார்கள். நடுவுக்குக் கொண்டுவந்த பிறகும் 3, 4 டெசிபல் குறைத்தால்தான் சரி. எக்கோ நிற்பாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அறிவிப்பாளர்களுக்கு எக்கோவில் இருக்கும் காதல் தனிக் கட்டுரைக்குரியது.

மிக்ஸரில் சிவப்பு லைற் எரிந்த பிறகு ஏற்றினால் சத்தம் ஏறாது, அலைதான் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலை முதலில் எரிப்பது டொப்பில் கீச்சுச் சத்தம் தரும் ற்வீற்றரை. இந்த இசை பதிவிலேயே சிதைந்த ஒலி என்பதால் சிதைவு பாட்டிலா அம்பிளிபயரிலா என்று காதால் பிடிப்பது கஷ்டம். மீற்றரை மட்டும் நம்புங்கள்.

கூரைத் தகரத்துக்கு ஒரு வேலை. ஆக்கள் வருமுன் 30 ஹேர்ட்ஸிலிருந்து 120 வரை ஒரு தொனியை மெதுவாக ஏற்றிக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி நடவுங்கள். எங்கே கிலுங்குகிறதோ அங்கே ஆணி தளர்ந்திருக்கும். இறுக்க முடியாவிட்டால் அந்த அலைவரிசையை மட்டும் ஒடுக்கமாக வெட்டலாம். பின்சுவரில் படங்கோ பாயோ தொங்கவிடுவது மேல் சத்தம் திரும்பி வருவதைக் குறைக்கும். பேஸுக்கு அது ஒன்றும் செய்யாது.

கரண்ட் விஷயத்தில் கணக்குத்தான் காப்பாற்றும். 6 கிலோவாற் என்று எழுதியிருக்கும் அம்பிளிபயர்கள், இந்தமாதிரி இறுக்கிய இசைக்கு மூன்றிலொரு பங்கைச் சராசரியாக வெளியே தள்ளும். இழப்பையும் சேர்த்து 3 கிலோவாற் எடுங்கள். எல்ஈடி லைற்றுகள் 0.6, புகை மெசின் சூடாகும்போது 1.5, பெரிய ஃபான் நாலு 0.8. மொத்தம் 5.9. 7.5 கேவீஏ ஜெனரேற்றர் தருவது 6 கிலோவாற்தான். புகை மெசின் சூடேறும் ஒவ்வொரு தடவையும் மூச்சுத் திணறும். 10 கேவீஏ எடுங்கள், 8 கிலோவாற் வரும். வயரும் முக்கியம். 30 மீற்றர் தூரத்துக்கு 15 அம்பியர் இழுத்தால் 1 சதுர மில்லிமீற்றர் வயரில் 16 வோல்ட் போய்விடும், 2.5இல் ஏறக்குறைய 7. ஊர் லைனின் கடைசியில் இருக்கும் மண்டபத்தில் பின்னேரமே 230 வராது. அதில் இன்னொரு 16 போனால் கிக் விழும்போதெல்லாம் லைற் மங்கும்.

'ம்ம்' என்று 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் வந்தால் மிக்ஸர், லப்டொப், அம்பிளிபயர் எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுக்கவையுங்கள். போகாவிட்டால் லப்டொப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவில், இரண்டின் எர்த்தையும் பிரித்துவிடும் டிஐ பெட்டி. பிளக்கின் எர்த் ஊசியை முறிக்கிற வைத்தியம் வேண்டாம். வியர்த்த கையோடு மிக்ஸரைத் தொடப்போவது நீங்கள்தான்.

ஸ்ட்ரோபை வினாடிக்கு நாலு வெட்டுக்கு மேல் விடாதீர்கள். அதற்கு மேல் போனால் வெளிச்சத்தால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு ஆபத்து கூடும். இருட்டில் ஒற்றை வெள்ளை மின்னல் இங்கே வேறு ஞாபகத்தையும் கிளப்பும். சிவப்பிலோ நீலத்திலோ மெதுவாக மூச்சு விடுவது போல ஏறி இறங்கும் லைற் போதும். புகை மெசினின் வாயை நிலத்தை நோக்கித் திருப்பாதீர்கள். சொட்டும் திரவம் மினுக்கிய சீமெந்தில் சவர்க்காரம் மாதிரி.

நிலம் என்றதும் செருப்பு. மண்டபம் என்றால் வாசலில் கழற்றிவிட்டு வருவது நம்முடைய பழக்கம். சப்பாத்தோடு மிதித்து ஆடுகிற கூட்டத்துக்குள் வெறுங்கால் போனால் விரல் நசியும். பாட்டா செருப்பு இரண்டாவது பாட்டில் பறக்கும். "சப்பாத்துப் போட்டு வரவும்" என்று அழைப்பிலேயே எழுதுங்கள். கறுப்பு உடுப்புக்குப் பருத்தி நல்லது. கார்த்திகை, மார்கழியில் கறுப்பு வேட்டியோடு கூட்டமாக ஏ9இல் நின்றால் சாமிமார் என்று பஸ்ஸில் இடம் தருவார்கள். இராணுவப் பாணி வரி உடுப்பு மட்டும் வேண்டாம்; வெளிநாட்டு கிளப்பில் அது ஸ்டைல், இங்கே அடுத்த சோதனைச் சாவடியில் விசாரணை.

ஆட்டத்துக்குப் பயிற்சி தேவையில்லை, கால் தெரிந்தால் போதும். 120 வேகத்தில் வினாடிக்கு இரண்டு அடி. ஒவ்வோர் அடிக்கும் ஒரு கால். முழங்கால் சற்று மடிந்திருக்க வேண்டும். குதியால் மிதித்தால் சீமெந்து முழங்காலில் திருப்பி அடிக்கும், முன்பாதத்தால் மிதியுங்கள். கை வீசுவதற்கு ஆளுக்கு ஒன்றரை மீற்றர் இடம். முதல் மணி 110 தொடக்கம் 118, பிறகு 125 வரை, எட்டரைக்குப் பிறகு 135. அதற்கு மேல் இந்தச் சூட்டில் தாங்காது. தண்ணீர்ப் பரலை ஆடும் இடத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

மேடையில் இரும்பு அடிக்க ஆசைப்படுவீர்கள். இந்த ஒரு விஷயத்தில் பகிடி இல்லை: காட்டுக்குள், கைவிட்ட வளவுக்குள், குளக்கரையில் கிடக்கும் இரும்பைத் தொடக்கூடாது, வெடிக்காமல் கிடக்கும் குண்டாக இருக்கலாம். பழைய இரும்புக் கடைக் குவியலும் வேண்டாம். எங்கிருந்து வந்ததென்று கடைக்காரருக்கும் தெரியாது. வெல்டிங் கடையில் புதுத் துண்டு கேளுங்கள், கராஜில் கழற்றிய ஸ்பிரிங் பட்டை கேளுங்கள். எரிபொருள் இருந்த பரலை வெட்டவோ வெல்ட் பண்ணவோ வேண்டாம், உள்ளே நிற்கும் ஆவி போதும். தட்டையான கம்பியை நுனியில் கட்டினால் சத்தம் செத்துவிடும். நீளத்தில் 22.4 வீதம் உள்ளே அதிராத புள்ளி இருக்கிறது: 1 மீற்றர் கம்பிக்கு இரண்டு பக்கமும் 22 சென்றிமீற்றரில் நைலோன் கயிறு. அதிர்வை மின்சாரமாக்கும் 27 மில்லிமீற்றர் பீசோ தட்டை ஒட்டி மைக்காக்கலாம். அதை நேரே மிக்ஸரின் லைன் துளையில் குத்தினால் பேஸ் போய்விடும். 1 மெகாஓம் உள்ள கிற்றார் துளைதான் அதற்கு.

வன்னிக்கும் இன்டஸ்ற்றியலுக்கும் என்ன என்று கேட்பவர்கள் பரந்தனில் கோஸ்ரிக் சோடா செய்த இரசாயனத் தொழிற்சாலையையும் ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலையையும் மறந்துவிட்டார்கள். வயலில் வாட்டர் பம்மும் லான்ட்மாஸ்டரும் இன்றைக்கும் அடிக்கின்றன. நிமிடத்துக்கு 650 சுற்று ஓடும் பழைய லிஸ்டர் எஞ்சின் நாலு வீச்சு என்பதால் 325 தடவை வெடிக்கும். அதை நாலு அரைச்சுருதி இறக்கிப் பதிவை மெதுவாக்கினால் ஏறக்குறைய 260. 130 வேகப் பாட்டின் அரையடிகளில் சரியாக உட்காரும். கிக்குக்கு அடியில் ஓடவிடுங்கள். போனில் பதிவதென்றால் மூன்று மீற்றர் தள்ளி நில்லுங்கள், கிட்டப் போனால் போன் தானாகவே சத்தத்தை அமுக்கி உயிரை எடுத்துவிடும்.

சத்த அளவு: உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 15 நிமிடச் சராசரியில் 100 டெசிபல். ஆடும் இடத்தின் நடுவில் 97இல் நிறுத்தினாலே நெஞ்சில் இடிக்கும். ஃபோம் காதடைப்பான் ஒரு பெட்டி வாசலில் இருக்கட்டும்.

ஒன்பதே முக்காலுக்கு முதலில் பேஸை இறக்குங்கள், ஊருக்குப் போவது அதுதான். டொப் மட்டும் பத்துவரை ஓடலாம். ஏ9இல் கொழும்பு, யாழ்ப்பாண இரவு பஸ் போய்க்கொண்டிருக்கும். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் தனியே கிளம்பாமல் ஒன்றாகப் போகட்டும், யானை நிற்கும். அம்பிளிபயரை நிற்பாட்டியதும் ஜெனரேற்றரை உடனே நிற்பாட்டாதீர்கள். பத்து நிமிடம் லைற்றுக்கு மட்டும் ஓடி ஆறட்டும். அந்த வெளிச்சத்தில் வயர்களைச் சுற்றிவிடலாம்.