எண்ணெய்த் துளியை வைத்து எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்த அனுபவம்

இயற்பியலாளர் மில்லிகனின் சோதனையை லேபில் செய்து முடித்தேன். மின்னூட்டம் பெற்ற எண்ணெய்த் துளி காற்றில் இறங்கும் வேகத்தையும், மின்னழுத்தம் கொடுத்தால் ஏறும் வேகத்தையும் வைத்து எலக்ட்ரானின் மின்னூட்டத்தைக் கணக்கிடும் சோதனை இது. இதில் பாதி வேலை சரியான துளியைப் பிடிப்பதுதான். செய்முறைக் குறிப்புகள் அதை ஒரு வரியில் கடந்துவிடுவதால் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கருவி எளிது. சுமார் 7.6 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு உலோகத் தகடுகள், 500 வோல்ட் மின்னழுத்தம், பக்கத்திலிருந்து விளக்கொளி, பார்ப்பதற்கு மைக்ராஸ்கோப். தெளிப்பானை அழுத்தியதும் இருட்டில் பொட்டுப் பொட்டாகத் துளிகள் மின்னிக்கொண்டு இறங்கும். பளிச்சென்று தெரியும் துளியின் மேல்தான் முதலில் கண் போகும். அது வேண்டாம். பெரிய துளியைத் தூக்கி நிறுத்தவே பல எலக்ட்ரான்களின் மின்னூட்டம் தேவை. அந்த மின்னூட்டம் ஒரு எலக்ட்ரானுடையதைப் போலப் பத்து மடங்காக இருந்தால், ஐந்து சதவீதப் பிழையிலேயே ஒன்பதா பத்தா என்ற குழப்பம் வந்துவிடும். அரை மில்லிமீட்டர் இறங்க 15 முதல் 20 வினாடி எடுக்கும் மங்கலான துளிதான் நமக்கு வேண்டியது. அதன் ஆரம் சுமார் அரை மைக்ரோமீட்டர். அதைவிடவும் சின்னது என்றால் காற்று மூலக்கூறுகள் மோதி அலைக்கழிக்கும். மைக்ராஸ்கோப்பில் தெரியும் அளவுக்கோட்டைத் துளி எப்போது தாண்டியது என்றே சொல்ல முடியாது. மின்னழுத்த ஸ்விட்சை இரண்டு மூன்று முறை மாற்றிப் போட்டால் வேகமான துளிகள் தகட்டில் ஒட்டிக்கொள்ளும், கூட்டம் குறையும்.

எனக்குக் கிடைத்த ஒரு நல்ல துளி அரை மில்லிமீட்டர் இறங்க 17 வினாடியும், மின்னழுத்தம் கொடுத்தால் ஏற 12.5 வினாடியும் எடுத்தது. அப்புறம் ஆல்ஃபா மூலத்தை (காற்றை அயனியாக்கித் துளியின் மின்னூட்டத்தை மாற்றும் கதிரியக்கப் பொருள்) சில நொடிகள் திறந்து மூடினேன். இறங்கும் நேரம் அதே 17. ஏறும் நேரம் மட்டும் சட்டென்று 4.6 வினாடியாகிவிட்டது! நிறை மாறவில்லை, மின்னூட்டம் மாறிவிட்டது. இரண்டு வேகங்களின் கூட்டுத்தொகை மின்னூட்டத்துக்கு நேர்விகிதம். முன்னும் பின்னும் கணக்கிட்டால் விகிதம் 1.99. அதாவது மின்னூட்டம் கிட்டத்தட்ட சரியாக இரண்டு மடங்காகியிருக்கிறது.

கணக்கில் ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். துளியின் மேல் காற்றின் இழுவையைச் சொல்லும் ஸ்டோக்ஸ் விதி இவ்வளவு சின்னத் துளிக்கு அப்படியே பொருந்தாது. அதைச் சரிசெய்யும், காற்றழுத்தத்தைப் பொறுத்த கன்னிங்ஹாம் திருத்தத்தை விட்டுவிட்டால் விடை கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு கூடிவிடும். அதனால் காற்றழுத்தத்தை ரீடிங்கோடு சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். காற்றின் பாகியல் எண்ணும் (அது நகரும் பொருளை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு) முக்கியம்; அது வெப்பநிலையோடு மாறும். மில்லிகன் 1913-ல் வெளியிட்ட 1.592 × 10⁻¹⁹ கூலோம் சற்றுக் குறைந்து போனதற்கு அவர் எடுத்துக்கொண்ட பாகியல் எண்தான் முக்கியக் காரணம். விளக்கின் சூட்டில் காற்று வெப்பமடைவதால் ஒவ்வொரு துளிக்கும் வெப்பநிலையைத் தனியாகப் பார்த்தேன்.

எனக்கு வந்த சராசரி 1.63 × 10⁻¹⁹ கூலோம். 2019 முதல் வரையறையாகவே நிலைநிறுத்தப்பட்ட மதிப்பு 1.602176634 × 10⁻¹⁹. விடை திருப்திதான். ஆனாலும் எனக்கு அந்த 1.99 மேல்தான் பிரியம் அதிகம். அதற்குப் பாகியல் எண், எண்ணெயின் அடர்த்தி, தகட்டு இடைவெளி எதுவுமே தேவைப்படவில்லை; ஒரு ஸ்டாப்வாட்ச் போதுமாயிருந்தது.